56க்கு 47 வாங்கியவர் எப்படி விழுந்தார்?

டிஸ்கி: நீளமான பதிவு. மொக்கை, காமெடி எதுவும் கிடையாது. வீட்டில் பக்கவாதம் வந்தவர் இருந்தால் கடைசி வரை படியுங்கள். இல்லாவிட்டாலும் படித்து வையுங்கள். யாருக்கு எப்போது தேவைப்படும்னு சொல்ல முடியாது.

போன வாரம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். அவருடைய மாமனாருக்கு ஸ்ட்ரோக் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. "இனிமே கவலை இல்லப்பா. பேலன்ஸ் டெஸ்ட்ல 46 வாங்கிட்டார். 45 தாண்டினா சேஃபாம். வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றோம். கூட இருக்கிற அட்டெண்டரையும் நிறுத்திடலாம்னு இருக்கோம்" என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே வசனத்தை 2022ல் நானே நாலு பேரிடம் பேசியிருக்கிறேன். என் அப்பா வாங்கியது 47. அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, சித்தப்பா கைதட்டி, அத்தை மாரியம்மனுக்கு வேண்டுதலை நிறைவேற்றி, எல்லாம் ஆச்சு. வீட்டுக்கு வந்த 9ஆம் நாள் கொல்லைக் கதவு நிலைப்படியில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார்.

அப்போதிருந்து இந்த டெஸ்ட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்டும் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கணக்கு எழுதிப் பிழைக்கிற ஆள். கணக்கு எழுதுகிறவனுக்கு ஒரு விஷயம் தெரியும். கூட்டுத்தொகை சரியாக இருந்தாலும் உள்ளே இருக்கிற கணக்கு தப்பாக இருக்கலாம். இந்தப் பதிவே அதுதான்.

முதலில் டெஸ்ட் என்னன்னு பார்த்துடுவோம்.

பெயர் பெர்க் பேலன்ஸ் ஸ்கேல். கனடாவில் கேத்தரின் பெர்க் என்கிற பிசியோதெரபிஸ்டும் அவருடன் இருந்தவர்களும் சேர்ந்து உருவாக்கி, 1989ல் வெளியிட்டது. யாருக்காக? வயதானவர்களின் பேலன்ஸை அளக்க. முதல் கட்டுரையின் தலைப்பிலேயே முதியவர்கள் என்றுதான் இருக்கிறது. அதற்குப் பிறகு பக்கவாத நோயாளிகளுக்கும் பொருந்துமா என்று சோதித்துப் பார்த்து, பொருந்துகிறது என்று கண்டு, இன்றைக்கு உலகம் முழுக்க ஸ்ட்ரோக் வார்டுகளில் இதுதான் ஓடுகிறது.

மொத்தம் 14 வேலைகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க். ஆக 56. நாற்காலியில் இருந்து எழுவது, பிடிக்காமல் 2 நிமிஷம் நிற்பது, சாயாமல் 2 நிமிஷம் உட்கார்வது, திரும்ப உட்கார்வது, ஒரு நாற்காலியில் இருந்து இன்னொன்றுக்கு மாறுவது, கண்ணை மூடி நிற்பது, காலைச் சேர்த்து நிற்பது, நின்றபடி கையை முன்னால் நீட்டி எட்டுவது, தரையில் கிடக்கும் செருப்பைக் குனிந்து எடுப்பது, தோளுக்கு மேல் பின்னால் திரும்பிப் பார்ப்பது. இது வரைக்கும் 10. மீதி 4: நின்ற இடத்தில் முழு வட்டம் சுற்றுவது, ஒரு ஸ்டூல் மேல் காலை மாற்றி மாற்றி வைப்பது, ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை ஒட்டி வைத்து நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது.

தேவையான சாமான் இரண்டு நாற்காலி, ஒரு ஸ்டூல், ஒரு ஸ்கேல், ஒரு ஸ்டாப் வாட்ச். கால் மணி, இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். செலவு கிடையாது. இரண்டு பேர் தனித்தனியாக அளந்தாலும் மார்க் பெரும்பாலும் ஒத்துப்போகும். நல்ல டெஸ்ட்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெர்க் அம்மணி மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. என் கோபம் வேறு இடத்தில்.

மேலே சொன்ன 14ஐ இன்னொரு தடவை படியுங்கள். ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?

நடப்பது இல்லை!

ஆமாம். 14ல் ஒன்றில்கூட நோயாளி நாலு அடி நடக்க வேண்டியதில்லை. நிற்கலாம், திரும்பலாம், குனியலாம், காலைத் தூக்கி வைக்கலாம். நடக்க வேண்டாம். எதையும் தாண்ட வேண்டாம். தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டாம். பேசிக்கொண்டே எதுவும் செய்ய வேண்டாம். இது டெஸ்டின் குற்றம் இல்லை. அது அளப்பதாகச் சொன்னது அவ்வளவுதான். அதை வைத்து "இவர் வீட்டில் தனியாக நடமாடலாம்" என்று தீர்ப்பு எழுதுகிறோமே, அதுதான் குற்றம்.

அப்பா கதைக்கு வருகிறேன்.

மூளையின் வலது பக்கம் அடைப்பு. இடது கை, இடது கால் விழுந்துவிட்டது. முதல் வாரம் எடுத்த மார்க் 3. சாயாமல் அரை நிமிஷம் உட்கார்ந்ததற்கு 2, ஒருத்தர் பிடித்தால் நாற்காலி மாறுவதற்கு 1. இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடுத்தார்கள். 5. அம்மா அழுதுவிட்டாள். "ரெண்டு வாரமா உசுரைக் குடுத்துப் பயிற்சி பண்ணி ரெண்டே மார்க்கா?"

ஆனால் அந்த இரண்டு வாரத்தில் அப்பா படுக்கையில் இரண்டு பக்கமும் தானே புரளக் கற்றுக்கொண்டிருந்தார். வலது கையை ஊன்றித் தானே எழுந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். படுத்த படுக்கையாகக் கிடந்த மனுஷனுக்கு அது மலை ஏறின மாதிரி. பெர்க் ஸ்கேலில் அதற்கு இடமே இல்லை. படுக்கையில் நடப்பது எதையும் அது கேட்பதில்லை. அடிமட்டத்தில் இருக்கிறவர்களின் முன்னேற்றம் இந்த அளவுகோலின் கண்ணில் படாது.

இதற்கு மாற்று இல்லையா என்றால் இருக்கிறது. 1999ல் பிரான்சில் பக்கவாத நோயாளிகளுக்கென்றே ஒரு அளவுகோல் செய்தார்கள். பெயர் பாஸ். 12 வேலைகள், மொத்தம் 36 மார்க். படுத்த நிலையில் புரள்வது, எழுந்து உட்கார்வது எல்லாவற்றுக்கும் அதில் மார்க் உண்டு. 2002ல் தைவானில் பக்கவாத நோயாளிகளை இரண்டாவது வாரத்தில் இருந்து ஆறு மாதம் வரை தொடர்ந்து அளந்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். பெர்க்குக்கு அடியிலும் உச்சியிலும் இந்தப் பிரச்சனை இருப்பது அதில் தெரிந்தது. எங்களுக்கு ஆரம்பத்திலேயே யாராவது இதைச் சொல்லியிருந்தால் அம்மா அன்றைக்கு அழுதிருக்க மாட்டாள். சந்தோஷப்பட்டிருப்பாள்.

அப்புறம் மளமளவென்று ஏறியது. 38, 41, 44. ஒவ்வொரு தடவையும் எங்களுக்குத் தீபாவளி. 41ல் இருந்து 44 ஆனதற்கு நான் வார்டு முழுக்க ஸ்வீட் கொடுத்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. 2001ல் வந்த ஓர் ஆய்வு, பக்கவாதத்துக்குப் பிறகு மறுவாழ்வுச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு பெர்க் ஸ்கேலில் சுமார் 6 மார்க்காவது மாறினால்தான் அது நிஜமான மாற்றம் என்று நம்பலாம் என்று கண்டது. அதற்குக் குறைவாக ஏறினாலும் இறங்கினாலும் அளவெடுப்பதில் வரும் ஆட்டமாக இருக்கலாம். எங்கள் 3 மார்க்குக்கு ஸ்வீட் கொடுத்திருக்க வேண்டியதில்லை. 3 மார்க் குறைந்திருந்தால் ஒப்பாரி வைத்திருக்கவும் வேண்டியதில்லை.

கடைசியாக 47. "45 தாண்டிட்டார், விழற ரிஸ்க் கம்மி, வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. ஓர் இடத்தைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் விசாரித்த வரைக்கும் பல இடங்களில் இதே கதைதான்.

இந்த 45 எங்கிருந்து வந்தது? ஆரம்ப காலத்தில் பெர்க் குழுவினர் முதியவர்களை வைத்துப் போட்ட கோடு. அதற்கப்புறம் அது கல்லில் செதுக்கின மாதிரி ஆகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் 2008ல் கனடாவில் வீடுகளில் வசிக்கும் முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து ஒரு ஆய்வு வந்தது. பின்னால் விழப்போகிறவர்களில் பெரும்பாலானவர்களை இந்த 45 என்கிற கோடு பிடிக்கவே இல்லை என்றது அது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பத்திரம், அந்தப் பக்கம் ஆபத்து என்று இரண்டாகப் பிரிப்பது போதாது என்றும் சொன்னது. அந்த ஆய்வை எழுதினவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே கேத்தரின் பெர்க்! அளவுகோலைச் செய்தவரே வந்து "அந்தக் கோட்டை நம்பாதீங்க" என்று சொல்லி இத்தனை வருஷம் ஆச்சு. நாம் இன்னும் 45, 45 என்று ஜபித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது முக்கியமான இடம்.

விழுந்ததற்கு அப்புறம் ஆபரேஷன் எல்லாம் முடிந்து, ஒரு நாள் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அந்த மார்க் தாள் கிடைத்தது. அதுவரை நான் பார்த்ததில்லை. எங்களுக்குச் சொன்னது மொத்தம் மட்டும்தான். 14 வரியையும் ஒவ்வொன்றாகப் படித்தேன்.

முதல் 10 வேலைக்கும் நாலுக்கு நாலு. 40.

முழு வட்டம் சுற்றுவது: 2. (பத்திரமாகச் சுற்றுகிறார், ஆனால் மெதுவாக.)
ஸ்டூல் மேல் கால் வைப்பது: 2. (நாலு தடவை வைத்தார், பக்கத்தில் ஆள் நிற்க.)
ஒரு காலுக்கு முன் இன்னொரு கால்: 2.
ஒற்றைக் காலில் நிற்பது: 1. (காலைத் தூக்க முயன்றார். 3 வினாடிகூட நிற்கவில்லை.)

ஆக 7. மொத்தம் 47. கூட்டல் சரிதான்.

இப்போது விழுந்த விதத்தைச் சொல்கிறேன். காலை ஏழு மணி. கொல்லைப் பக்கம் பாத்ரூம். நடுவில் 6 அங்குல உயர நிலைப்படி. அப்பா வலது காலைத் தாண்டி வைத்துவிட்டார். இடது காலைத் தூக்கப்போகும் நேரம் அடுப்படியில் இருந்து அம்மா, "ஏங்க, காப்பி ஆறுது" என்று குரல் கொடுத்தாள். அப்பா அப்படியே இடது பக்கமாகத் திரும்பினார். அவ்வளவுதான்.

ஒற்றைக் கால். படி. ஒரு காலுக்கு முன் ஒரு கால். திரும்புதல். அவர் மார்க் இழந்த நாலும் ஒரே நொடியில், ஒரே நிலைப்படியில்.

அந்தத் தாள் பொய் சொல்லவில்லை மக்களே. அப்பா எங்கே விழுவார் என்று அந்தத் தாள் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தது. அதை எங்களிடம் வாசித்துக் காட்ட ஆள் இல்லை. கூட்டிப் போட்ட நம்பரைக் கொடுத்து அனுப்பினார்கள். நாங்களும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

நம்ம ஊர் பத்தாங்கிளாஸ் கணக்கை யோசியுங்கள். மொத்தத்தில் எவ்வளவு வாங்கினாலும் ஒரு பாடத்தில் 35க்குக் கீழே போனால் ஃபெயில். தமிழில் அள்ளிய மார்க்கை எடுத்துக் கணக்கில் ஒட்ட வைக்க முடியாது. பள்ளிக்கூடப் பையனுக்கு இருக்கிற இந்த நியாயம் பக்கவாதம் வந்த மனுஷனுக்குக் கிடையாதா? நாற்காலியில் நன்றாக உட்கார்ந்ததற்கு வாங்கின 4 மார்க், நிலைப்படியில் காலைத் தூக்கும்போது வந்து தாங்குமா?

எனக்கு எதிராக என்ன சொல்வீர்கள் என்று தெரியும். நேரிலும் சிலர் சொல்லியிருக்கிறார்கள்.

"நம்பரே வேண்டாம்ங்கறீங்களா?" இல்லை. நம்பர் இல்லாத காலத்தில் "பரவால்ல, தேறிட்டார்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு இது ஆயிரம் மடங்கு மேல். பெர்க் ஸ்கேல் இருக்கட்டும். அது மட்டும் போதாது என்கிறேன். பக்கவாதத்துக்கு இந்த அளவுகோலைப் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2008ல் வெளிவந்த மதிப்பாய்வும் அதைத்தான் சொன்னது. அளவுகோல் நம்பகமானது, ஆனால் தனியாக வைத்துக்கொள்ளாமல் வேறு அளவைகளோடு சேர்த்துப் பயன்படுத்துங்கள் என்று.

"ஒரு பிசியோவுக்கு இருபது நோயாளி. இதுக்கே நேரம் இல்ல." உண்மை. எங்கள் பிசியோ பெண் மாதிரி உழைக்கிற பிள்ளையைப் பார்க்க முடியாது. அப்பாவை "அய்யா, இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சிக் கெஞ்சியே நிற்க வைத்தாள். அவளைக் குறை சொல்ல மனசு வரவில்லை. அவள் 14 வரியையும் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தாள். அதை மேலே அனுப்பும்போது ஒரு நம்பராகச் சுருக்கச் சொன்னது யார்? டிஸ்சார்ஜ் தாளில் மொத்தத்துக்கு மட்டும் கட்டம் போட்டது யார்? நான்கு வரி கூடுதலாக எழுத எத்தனை நிமிஷம் ஆகும்?

"வேற டெஸ்ட்டுக்கெல்லாம் பெரிய மிஷின் வேணும்." வேண்டாம். 1991ல் வந்த ஒரு டெஸ்ட் இருக்கிறது. நாற்காலியில் இருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி என்று பார்ப்பது. தேவை நாற்காலியும் கடிகாரமும். 2010ல் வந்த மினி பெஸ்டெஸ்ட் என்று ஒன்று. 14 வேலை, 28 மார்க். அதில் நடந்துகொண்டே ஒரு ஷூ பெட்டியைத் தாண்ட வேண்டும். மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணிக்கொண்டே நடந்து வர வேண்டும். ஷூ பெட்டிதான் எங்கள் நிலைப்படி. எண்ணுவதுதான் அம்மா கூப்பிட்ட குரல். இதற்கு வேண்டியது ஒரு ஃபோம் துண்டு, ஒரு சாய்வுப் பலகை, ஒரு அட்டைப் பெட்டி. எந்த ஊரில் கிடைக்காது?

1997ல் ஸ்வீடனில் இன்னும் சுலபமாக ஒன்று கண்டுபிடித்தார்கள். வயதானவர்களோடு கூட நடக்கும்போது பேச்சுக் கொடுத்தார்கள். பேசுவதற்காக நடையை நிறுத்துகிறவர்கள், நிறுத்தாதவர்களைவிட அடுத்த ஆறு மாதத்தில் அதிகம் விழுந்தார்கள். இதற்கு ஸ்டாப் வாட்ச்கூட வேண்டாம். அப்பா அப்படி நிற்பார். எனக்குத் தெரியும். மரியாதைக்காக நின்று பதில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் :(

சரி, புலம்பல் போதும். வீட்டில் ஒருத்தரை டிஸ்சார்ஜ் பண்ணும்போது நான் என்ன கேட்டிருக்க வேண்டுமோ அதை எழுதுகிறேன். நண்பருக்கும் இதைத்தான் சொன்னேன்.

1. மொத்த மார்க் சொன்னால் தலையாட்டாதீர்கள். 14 வரித் தாளைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் ஆளின் தாள்.

2. எதில் குறைந்தது, வீட்டில் எந்த வேலைக்கு அது இடிக்கும் என்று வரி வரியாகக் கேளுங்கள். பிசியோவுக்குப் பதில் தெரியும். கேட்க ஆள் இல்லாததால்தான் அவர்களும் சொல்வதில்லை.

3. வீட்டை போனில் படம் எடுத்துக் காட்டுங்கள். நிலைப்படி எத்தனை அங்குலம், பாத்ரூமில் ஈரம் எங்கே நிற்கும், கட்டில் உயரம் என்ன. நம் வீடுகளில் தரையில் உட்கார்வது, குந்தி உட்காரும் கழிப்பறை, வேட்டி கட்டுவது எல்லாம் உண்டு. 14ல் அதெல்லாம் இல்லை. தனியாகச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

4. நடக்க வைத்துப் பார்த்தீர்களா, தாண்ட வைத்துப் பார்த்தீர்களா, பேச்சுக் கொடுத்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

5. ஒரு மார்க்கை நம்பிக் கூட இருக்கிற ஆளை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். வீட்டில் முதல் சில வாரங்கள் யாராவது ஒருத்தர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், முக்கியமாக வராத பக்கத்தில்.

அப்பா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். விழுவதற்கு முன்னால் தடி இல்லாமல் நடந்தவர். கொல்லைக் கதவில் இரண்டு பக்கமும் இரும்புக் கைப்பிடி அடித்திருக்கிறோம். நிலைப்படியை அறுத்து எடுத்துவிடலாம் என்று தச்சரைக் கூப்பிட்டபோது அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் "வாசல் நிலைதான் லட்சுமி, இது கொல்லை நிலைதானே" என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். 300 ரூபாய் வேலை. முன்னாடியே செய்திருக்கலாம்.

விழுந்தன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஒருத்தர் அம்மாவிடம் சொன்னார். "வீட்ல நீங்கதானேம்மா பாத்துக்கணும்." 45, 47 என்கிற நம்பரை யாரும் குறை சொல்லவில்லை. காப்பிக்குக் கூப்பிட்டவள் குற்றவாளி ஆகிவிட்டாள். இன்றைக்கும் அப்பா நடக்கும்போது அம்மா பின்னால் இருந்து கூப்பிடுவதில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு சுற்றி முன்னால் போய் நின்று, அவர் உட்கார்ந்த பிறகுதான் பேச ஆரம்பிக்கிறாள். அந்தத் தாளை எடுத்து அவளிடம் வரி வரியாகப் படித்துக் காட்டினேன். உன் தப்பு இல்லம்மா, இங்க எழுதியிருக்கு பாரு என்று. கேட்டுக்கொண்டாள். நம்பினாளா தெரியவில்லை.

பி.கு: பதிவர்களில் பிசியோதெரபிஸ்டுகள் யாராவது இருந்தால் பின்னூட்டத்தில் வந்து சண்டை போடுங்கள். நான் தப்பாகச் சொல்லியிருந்தால் திருத்திக்கொள்கிறேன். நண்பர் நேற்று மறுபடி போன் பண்ணினார். மாமனாரின் தாளைக் கேட்டு வாங்கிவிட்டாராம். சுற்றுவதிலும் ஒற்றைக் காலிலும்தான் மார்க் போயிருக்கிறது. அட்டெண்டரை இன்னும் நிறுத்தவில்லை.